புற்றுநோய் எலும்புக்குப் பரவியவருக்கு எலும்பு ஊசி மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவியிருக்கிறது. ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள். திருகோணமலையில் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். எலும்பு முறியாமல் காக்க என்ன செய்யலாம்?

எலும்பு இரண்டு பக்கத்தாலும் அடி வாங்குகிறது. புற்று இறங்கிய இடம் பலமிழக்கிறது. ஹோர்மோன் ஊசி டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதால் புற்று தொடாத எலும்பும் தேய்கிறது. அபிராற்றரோன் என்ற புரொஸ்டேட் புற்று மாத்திரையுடன் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டும் எடுத்தால் தேய்வு இன்னும் கூடும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கானில் முள்ளந்தண்டு அளவை மட்டும் நம்பவேண்டாம். புரொஸ்டேட் புற்று அங்கே எலும்பைக் கெட்டியாக்கி, அடர்த்தி நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். புற்று படாத தொடை அல்லது முன்கை அளவைக் கேளுங்கள்.

எலும்பைக் காக்கும் ஊசி இரண்டு வகை. சொலெட்ரோனிக் அமிலம் 4 மி.கி., நாளம் வழியே குறைந்தது 15 நிமிடம். டெனோசுமாப் 120 மி.கி., தோலுக்குக் கீழே, 4 வாரத்துக்கு ஒருமுறை. இந்த அளவுகள் ஹோர்மோன் சிகிச்சைக்கு நோய் அடங்காத கட்டத்துக்கு. இன்னும் அடங்கித்தான் இருக்கிறதென்றால் தேய்வைத் தடுக்கும் சிறிய அளவே வழக்கம். உதாரணமாக டெனோசுமாப் 60 மி.கி., 6 மாதத்துக்கு ஒருமுறை. பக்கத்துக் கட்டில்காரருக்கு மாதாமாதம் போடுறாங்களே என்று கிளினிக்கில் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் டெனோசுமாப் தொடங்கினால் தவணையைத் தவறவிடாதீர்கள். நிறுத்தியதும் தேய்வு வேகமாகத் திரும்பி, முள்ளந்தண்டு எலும்புகள் நொறுங்கக்கூடும்.

ஊசிக்கு முந்திய வேலைதான் பலருக்குத் தவறிப்போகிறது. முதலில் பல். சொத்தைப்பல், ஆடும் பல் எல்லாவற்றையும் பல் வைத்தியரிடம் காட்டிப் பிடுங்கவேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறியபின்தான் முதல் ஊசி. பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரலாம். வெற்றிலை போடுபவரானால் வாயை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும்.

அடுத்தது சிறுநீரகம். ஒவ்வொரு சொலெட்ரோனிக் ஊசிக்கும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தச் சோதனை பாருங்கள். கிரியற்றினின் அகற்றல் வீதம் (நிமிடத்துக்கு மி.லீ.) 60க்குக் கீழே என்றால் அளவு குறையும், 30க்குக் கீழே என்றால் அந்த ஊசி வேண்டாம். புரொஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபட்டவருக்கும், சிறுநீரகப் புற்றுக்காக ஒன்றை அகற்றியவருக்கும் இது முக்கியம். நோவுக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுப்பதும் சிறுநீரகத்தைப் பாதித்து இங்கேதான் வினையாகும். முதல் சொலெட்ரோனிக் ஊசிக்குப்பின் ஓரிரு நாள் காய்ச்சல், உடல் உளைவு வரலாம், பரசிற்றமோல் போதும்.

மூன்றாவது கல்சியம். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி., விற்றமின் டி 800 முதல் 1000 அலகு. வில்லை எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்: கல்சியம் காபனேற்று 1250 மி.கி. வில்லையில் கல்சியம் 500 மி.கி. இருக்கும், கல்சியம் லக்டேற் 300 மி.கி. வில்லையில் ஏறத்தாழ 40 மட்டுமே. காபனேற்றைச் சாப்பாட்டோடு கொடுங்கள். முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எருமைத்தயிர் எல்லாம் கணக்கில் சேரும். விற்றமின் டி குறைவாக இருக்க டெனோசுமாப் போட்டால் இரத்தக் கல்சியம் விழும். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறைப்பு, கெண்டை பிடிப்பு வந்தால் அன்றே இரத்தம் சோதியுங்கள்.

வீட்டில்: கிணற்றில் வாளியால் அள்ளிக் குளிக்கவிடாதீர்கள். குனிந்து, திரும்பி, பாரம் இழுப்பதில்தான் பலவீனமான முள்ளந்தண்டு நொறுங்கும். இரவில் பலமுறை சிறுநீருக்கு எழும்புவார், ஆகவே கட்டிலடியில் வெளிச்சமும் சிறுநீர்ப் போத்தலும் வையுங்கள். நடப்பதை நிறுத்தவேண்டாம். முறிவு நெறிவு வைத்தியரிடம் முதுகை எண்ணெய் போட்டு உருவ மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

முதுகுநோ புதிதாக வந்து படுத்தால் கூடுவது, கால் சோர்வது, பிட்டம் விறைப்பது, சிறுநீர் கட்டுவது: இவை புற்று முண்ணாணை நெரிக்கும் அறிகுறிகள். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல், இரவானாலும் 1990 அம்புலன்சுக்கு அழைத்து, படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடக்கமுடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்தான் பெரும்பாலும் பிறகும் நடப்பார்.