பொங்கினால் சுத்தமா?

வாசகர் கேள்வி-பதில்: வீட்டிலேயே கலக்கும் துப்புரவுப் பொருட்கள்

கேள்வி: வினிகரில் சமையல் சோடாவைப் போட்டு ஸ்பிரே பாட்டிலில் வைத்திருக்கிறேன். கலக்கும்போது நன்றாகப் பொங்குகிறது. ஆனால் அடுப்பு மேடை டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு அசையவே இல்லை. அளவு தப்பா?
– வாசகி, அஸ்தம்பட்டி

அளவு தப்பில்லை, கலந்ததுதான் தப்பு. வினிகர் அமிலம், சமையல் சோடா காரம். சேர்த்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். பொங்குவது அழுக்கு கிளம்புவதன் அடையாளம் அல்ல, கரியமில வாயு வெளியேறுகிறது, அவ்வளவுதான். கடைசியில் பாட்டிலில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். கடையில் கிடைக்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 சதவீத அளவில் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, அதாவது ஏறக்குறைய 15 கிராம், அப்படிப்பட்ட வினிகர் கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகவே செயலிழக்க வைக்கப் போதும். அதே சமயம் நாலு லிட்டருக்கு மேல் வாயுவும் கிளம்பும். உடனே மூடியை இறுக்கினால் பாட்டில் உப்பி வெடிக்கலாம்.

துடைக்கும் முன் அழுக்கு எந்த வகை என்று பாருங்கள். எண்ணெய், பிசுக்கு, கருகல் என்றால் காரம் வேண்டும். குழாயிலும் பக்கெட்டிலும் படியும் வெள்ளை உப்புக்கும், பித்தளைக் களிம்புக்கும் அமிலம் வேண்டும். உங்களுடையது எண்ணெய், அதனால் வினிகரை விடுங்கள். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்துத் துணியில் நனைத்துப் பூசி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு தெரியும். கையுறை அவசியம். சமையல் சோடாவும் சலவை சோடாவும் ஒன்றல்ல. முன்னது மிக மென்மையான காரம், பின்னது தோலை அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் சலவை சோடா பட்டால் கறுத்துப்போகும். எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: தேங்காய் எண்ணெய் சோப்பைத் துருவி, வெந்நீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாத்திரம் கழுவ லிக்விட் செய்தேன். மறுநாள் தயிர் திரிந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அதுதான் காரணமா?
– வாசகி, சூரமங்கலம்

இரண்டு காரணங்கள் சேர்ந்துவிட்டன, முதல் குற்றவாளி எலுமிச்சை. கொழுப்போடு காரம் சேர்ந்து உருவானதுதான் சோப்பு. அதில் அமிலம் விட்டால் சோப்பு உடைந்து பழையபடி கொழுப்பு அமிலமாகத் திரளும். நீங்கள் பார்த்த கட்டி அதுதான். அது அழுக்கை எடுக்காது, தட்டில் வழவழவென்று ஒட்டும். வினிகர் சேர்த்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, தண்ணீர். நம்ம சேலத்தில் கருப்பூர் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். இப்படிப்பட்ட பாறைப் பகுதிகளில் ஊறிவரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்வது இயல்பு. சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத சாம்பல் நிறக் கசடாகப் படியும். உங்கள் வீட்டு நீர் எப்படி என்று பார்க்க, ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களை எடுத்து ஒன்றில் போர் தண்ணீர், மற்றொன்றில் மழைநீர் பாதியளவு ஊற்றி, இரண்டிலும் சோப்புக் கரைசல் பத்துப் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்குங்கள். சோப்புப் பொடி, டிடர்ஜென்ட் வேண்டாம், சோப்புதான் வேண்டும். மழைநீரில் நுரை நிற்கும். கடின நீர் பால் போல் கலங்கும், நுரை உடனே அடங்கும்.

துணி துவைக்கிற பக்கெட்டில் சோப்புக்கு முன்பே, 15 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற கணக்கில் சலவை சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால் கால்சியம் பெரும்பகுதி படிந்துவிடும். மெக்னீசியம் அவ்வளவு சுலபமாகப் படியாது. அதனால் மெக்னீசியம் மிகுந்த நீரில் சோடா போட்டும் பாதிதான் தீர்ந்தது போல் தோன்றும். அந்த நீருக்குச் சோப்பை விடப் பூந்திக்கொட்டை பொருத்தம். அதிலுள்ள சப்போனின் என்ற நுரை தரும் பொருள் கால்சியத்தோடு சேர்ந்து கசடாவதில்லை.

கேள்வி: பூந்திக்கொட்டை வாங்கிக் கொதிக்க வைத்தேன். நுரையும் கம்மி, மூணாம் நாள் புளித்த வாடை. சரியான முறை என்ன?
– வாசகர், ஓமலூர்

விதையை எடுத்தீர்களா? சப்போனின் இருப்பது மேல் தோலில். விதையோடு எடை பார்த்துப் போட்டால் பாதி வெறும் பாரம். விதை நீக்கிய தோல் 50 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சிறு தீயில் 20 நிமிடம். பொங்கி வழியும், அதனால் பெரிய பாத்திரம் வையுங்கள். ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டவும். நுரை குறைவாகத்தான் வரும், அதை வைத்து எடைபோட வேண்டாம். கெட்டுப்போவதும் இயல்புதான், பதப்படுத்தும் பொருள் எதுவும் அதில் இல்லையே. வெளியில் இரண்டு நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம். ஐஸ் டிரேயில் உறைய வைத்துத் தேவைக்கு இரண்டு கட்டி எடுத்துக்கொண்டால் வீணாகாது. வெள்ளைத் துணியில் லேசாகப் பழுப்பேறும், அதற்கு வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும். மீன் தொட்டி, குளம் பக்கம் ஊற்றவே கூடாது, சப்போனின் மீனுக்கு நஞ்சு.

கேள்வி: வெந்நீர் கெட்டிலுக்குள் வெள்ளைப் பாறை. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுக் கொதிக்க வைக்கலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

போடலாம், கொதிக்க விடாதீர்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அரை மணி நேரம். கொதிக்க வைத்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு படிவு உட்காரும், அதைக் கழற்றுவது முன்னதை விடக் கஷ்டம். குழாய் வாய்க்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி 15 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் குரோம் பூச்சு மங்கும். மார்பிள், மொசைக் தரையில் எந்த அமிலமும் வேண்டாம். அவற்றின் கல்லும் சுண்ணாம்புதான், பளபளப்பு போய்விடும்.

கேள்வி: இங்கே கமலா ஆரஞ்சுத் தோல் நிறைய வீணாகிறது. அதை வெல்லத் தண்ணீரில் நொதிக்க விட்டுப் பயோ என்சைம் போட்டேன். மூன்று மாதம் ஆகியும் தித்திப்பு வாடைதான் வருகிறது. இதையே கழிவறையில் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துப் போடலாமா? காப்பித் தோட்டத்து வீட்டுச் சுவரில் வரும் பூஞ்சைக்கு இது ஆகுமா?
– வாசகர், ஏற்காடு

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில்: ஒருபோதும் கூடாது. பயோ என்சைம், வினிகர், எலுமிச்சை, புளி, கழிவறை ஆசிட் எதுவானாலும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத சின்னக் கழிவறையில் அது மூச்சையே அடைக்கும். ஒன்றைப் போட்டு நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மறுநாள்தான் அடுத்தது.

இனி தித்திப்பு. வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10 என்பது பங்கு. உதாரணமாக 100 கிராம், 300 கிராம், ஒரு லிட்டர். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள், கண்ணாடி வேண்டாம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். 90 நாள் என்பது சமவெளி வெயிலுக்குச் சொன்ன கணக்கு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குளிரில் இருக்கிறது, நொதித்தல் அங்கே மெதுவாகத்தான் நடக்கும். நாளை எண்ணாமல், வாயு வருவது நின்று புளிப்பு வாடை வரும்வரை விடுங்கள். அடுப்படியில் வெதுவெதுப்பான மூலை கிடைத்தால் நல்லது. மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் கலக்கிவிட்டுத் தொடரலாம். கறுப்புப் பூஞ்சை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பெயரில் என்சைம் இருந்தாலும் வேலை செய்வதில் பெரும்பங்கு அதிலுள்ள அமிலத்துக்குத்தான், நடைமுறையில் அது மென்மையான வினிகர். டைல்ஸ் தரைக்குப் பத்து லிட்டருக்கு 100 மி.லி. போதும். கிருமிநாசினி என்று நம்பி நோயாளி அறையைத் துடைக்க வேண்டாம்.

சுவர்ப் பூஞ்சைக்கு அது உதவாது, மிச்ச வெல்லம் பூஞ்சைக்குத் தீனியாகும். பெயின்ட் அடித்த சுவரென்றால் தண்ணீர் கலக்காத வினிகரைத் தடவி ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துக் காயவிடுங்கள். சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் வினிகர் பட்டால் சுண்ணாம்பே கரையும். அங்கே பூஞ்சையை ஈரத்துணியால் எடுத்துவிட்டுப் புதுச் சுண்ணாம்பு அடிப்பதுதான் வழி. புதுச் சுண்ணாம்பின் கடுங்காரம் பூஞ்சையை அண்டவிடாது. காலப்போக்கில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வலு இழக்கும், அதனால்தான் ஆண்டுக்கொருமுறை அடிக்கும் வழக்கம். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: ஒரு துப்புரவுச் செய்முறையில் வெங்காரம் (போராக்ஸ்) சேர்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகி, கன்னங்குறிச்சி

வேண்டாம். மண்ணிலிருந்து எடுப்பது என்பதால் பத்திரமானது ஆகிவிடாது, விழுங்கினால் நஞ்சு. அந்த வேலையைச் சலவை சோடாவே செய்யும்; அதையும் எட்டாத உயரத்தில், பெயர் எழுதிய டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை விளக்கு பளிச்சென்று ஆகி, இரண்டே நாளில் கறுக்கிறது. சில இடம் சிவக்கவும் செய்கிறது.
– வாசகி, அயோத்தியாப்பட்டணம்

புளியை அதிக நேரம் விட்டிருப்பீர்கள். அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்தால் செம்பு மட்டும் மேலே தெரியும், அதுதான் சிவப்பு. ஐந்து நிமிடம் போதும். கறுப்பதற்குக் காரணம் இண்டு இடுக்கில் தங்கிய புளி. கழுவியதும் சாம்பலோ சோப்போ போட்டு இன்னொரு முறை கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து வையுங்கள்.

கேள்வி: வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது. பல்பொடி போட்டுத் தேய்க்கிறோம், சரியா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு பல்பொடியா! அது சொரசொரப்பு, கறுப்போடு வெள்ளியையும் சுரண்டி எடுக்கும். கறுப்பு என்பது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்த படலம். பீங்கான் கிண்ணத்தின் உட்புறம் அலுமினியத் தாளைப் பளபளப்பு மேலே தெரிய விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு கலந்து ஊற்றினால், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். அழுகின முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்று அர்த்தம். தாளைத் தொடாத இடம் மட்டும் கறுப்பாகவே இருக்கும், புரட்டிப் போடுங்கள். எனாமல், கல், அரக்கு வைத்தவை, பூவேலை தெரிய வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்ஸிடைஸ்டு கொலுசு ஆகியவற்றுக்கு இந்த முறை கூடாது, கறுப்பேற்றிய அழகும் சேர்ந்தே போய்விடும்.