மாதாவை ஏசும் அம்மா: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். ஒரு வருசமாகச் செபத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. பூசைக்குப் போகிறேன், செபமாலை சொல்கிறேன், சுவரோடு கதைப்பதுபோல் இருக்கிறது. செபக்குழு அண்ணா ஒருவர், நான் ஏதோ பாவத்தை மறைக்கிறேன், உபவாசம் இருந்தால் சரிவரும் என்கிறார். தோழி தன்னுடைய சபைக்குக் கூப்பிடுகிறாள். ஒருநாள் போனேன். அங்கே ஆராதனையில் எனக்கு அழுகை வந்தது. தொடர்ந்து போகலாமா? எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் குழுவில்) காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் அம்மா ஒருவரும் இருக்கிறார். செபமாலைக்கு நடுவிலேயே மாதாவை ஏசுகிறார். அதைக் கேட்டுக்கேட்டு எனக்கு இருக்கிற கொஞ்ச விசுவாசமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்களும் இப்போது அரசியல்தான் எழுதுகிறீர்கள், ஆன்மீகம் எழுதுவதில்லை.

அன்புள்ள தங்கச்சி,

செபக்குழு அண்ணாவை விடுங்கள். வேதாகமத்தில் துன்பப்பட்ட யோபுவிடம் அவருடைய நண்பர்களும் அதைத்தான் சொன்னார்கள்: உன்னிடம் பாவம் இருக்கிறது, ஒத்துக்கொள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மீதுதான் மூண்டது.

செபத்தில் ஒன்றும் தோன்றாததற்காகப் பயப்படவும் வேண்டாம். புனிதையான கன்னியாஸ்திரி சிறுமலர் தெரேசாள் 1896 உயிர்ப்புக் காலத்திலிருந்து 1897 செப்டம்பரில் சாகும்வரை அந்த இருட்டுக்குள்தான் இருந்தார். மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகம்கூட அவரை வதைத்தது. 24 வயது. செபத்தை அவர் விடவில்லை. உடம்பு சிலிர்த்ததா, கண்ணீர் வந்ததா என்று தினமும் உங்களையே சோதித்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்.

அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக என் மனதில் கிடப்பதும் இதுதான்.

என் சின்னம்மாவும் அப்படி ஒரு தாய்தான். 2009 மே மாதம், போர் முடிகிற நேரம், வட்டுவாகல் பாலம் கடந்து வந்த இடத்தில் மகனை ஆமிக்காரர் தனியாகக் கூப்பிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். செட்டிக்குளம் அகதி முகாமில் அவரிடம் செபமாலை இல்லை, வழியில் எங்கேயோ தவறிவிட்டது. யாரிடமோ வலைநூல் வாங்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பத்துச் சின்ன முடிச்சு, பிறகு ஒரு பெரிய முடிச்சு. பிடித்துப் பிடித்து அந்த நூல் கறுத்துப்போயிருந்தது. சனிக்கிழமைகளில் செபமாலையில் தியானிப்பது சந்தோஷ தேவ இரகசியம் ஐந்தும் அல்லவா, ஐந்தாவது வரும்: காணாமற்போன இயேசுவைத் தேவாலயத்தில் கண்டடைந்தது. அந்தப் பெரிய முடிச்சில் சின்னம்மாவின் விரல் நின்றுவிடும். "உனக்கு மூண்டு நாள். எனக்கு எத்தின நாளெண்டு சொல்லு பாப்பம்" என்று மாதாவிடம் சத்தமாகவே கேட்பார். பக்கத்துத் தறப்பாளில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு மிச்சப் பத்து மணியையும் சொல்லி முடிப்பார். ஒன்றைக்கூட விட்டதில்லை.

இதையா விசுவாசக் குறைவு என்கிறீர்கள்? விசுவாசம் போனவர் ஏன் ஏசப் போகிறார்? எழுந்து போய்விடுவார். மாதாவுக்கும் இது புதிதில்லை. மூன்று நாள் தேடியலைந்து ஆலயத்தில் பிள்ளையைக் கண்டதும், "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்றுதான் அவரும் கேட்டார். லூக்கா அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளையைத் தொலைத்த தாய் என்ன பேசுவாள் என்று தெரிந்தவரிடம்தான் அந்த அம்மா பேசுகிறார்.

மனந்தளராமல் செபிக்க வேண்டும் என்று சொல்ல இயேசு யாரை உதாரணம் காட்டினார்? காட்டில் தவமிருந்த முனிவரையா? ஒரு கைம்பெண்ணை. நீதி கேட்டுத் திரும்பத் திரும்ப நடுவரிடம் போய் அவருக்குத் தொல்லை கொடுத்தவளை. நடுவரோ கடவுளுக்கும் அஞ்சாதவர், மனிதரையும் மதியாதவர். லூக்கா 18. வன்னியில் இந்தப் பகுதிக்குப் பிரசங்கம் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று உங்கள் ஊர் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போய் உட்கார்ந்தார்களே, அது என்ன? சைவத் தாயும் வேதக்காரத் தாயும் பக்கத்தில் பக்கத்தில், மடியில் பிள்ளையின் படம். பதில் கிடைக்காமலே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேர்! அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் போய், போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் கணக்கில் வராமல்போன 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கணக்கோடு கேட்டார். அதை அரசியல் என்பீர்களா, செபம் என்பீர்களா? எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. பிரித்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள்மீது வெறுப்பில்லை, தங்கச்சி. ஒன்றும் தோன்றாமலே ஒரு வருசமாகச் செபமாலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். அது சின்ன விசயமில்லை. சபையில் அழுகை வந்ததென்றால் நன்றாக அழுங்கள், தொடர்ந்து போவதா என்பதைப் பங்குத்தந்தையோடு இருந்து பேசுங்கள். ஆனால் அந்த அம்மாவின் குரல் காதில் விழக்கூடாது என்பதற்காகப் போகாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போங்கள். ஐந்தாவது இரகசியத்தில் அவர் ஏசத் தொடங்கினால் குறுக்கே விழாமல் இருங்கள். முடிந்தபிறகு மிச்சப் பத்தை அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். இவ்வளவு நீளமாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அந்த மகனின் பெயர் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா