ஜெனீவாவும் பெருமாநல்லூரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். போன வாரம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து பையர் ஆடிட் வந்தது. வேலை நேரம், ஓவர்டைம், ரெஜிஸ்டர் எதைக் கேட்டாலும் "ஐ.எல்.ஓ. விதி" என்கிறார்கள். வெள்ளைக்காரன் எழுதிய விதிக்கு நாங்கள் ஏனுங்க கட்டுப்பட வேண்டும்? ரேட்டை மட்டும் ஏற்றித் தர மாட்டேன் என்கிறானே? நம் நாட்டுக்கு இதில் பேச்சே கிடையாதா?

பெயர் வேண்டாம், பெருமாநல்லூர்

அன்புள்ள தம்பி,

ரேட் விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். பீஸுக்கு ஐம்பது பைசா கூட்டிக் கேட்டால் பங்களாதேஷைக் காட்டுகிறவர்கள் ஆடிட்டில் மட்டும் அறம் பேசுவது எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் விதியை வெள்ளைக்காரன் எழுதினான் என்பது சரியில்லை.

1919-இல் ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியபோதே, அடிமை நாடாக இருந்தும், இந்தியா அதில் உறுப்பினர். 1922 முதல் ஆட்சிக் குழுவிலும் நமக்கு நிரந்தர இடம். இப்போது ஜெனீவாவில் கூடும் அதன் ஆண்டு மாநாட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நான்கு பிரதிநிதிகள் போவார்கள்: அரசுக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளிகளுக்கு ஒருவர். நால்வருக்கும் தனித்தனி ஓட்டு. தொழிலாளர் பிரதிநிதி சொந்த அரசையே எதிர்த்து ஓட்டுப் போடலாம். முதல் மாநாட்டுக்குத் தொழிலாளர் தரப்பில் என்.எம்.ஜோஷியை அனுப்பியது பிரிட்டிஷ் அரசு. நம் ஆளை நாமே தேர்ந்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துதான் அடுத்த ஆண்டு பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு பிறந்தது.

அந்த முதல் மாநாட்டின் முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் தனிப் பிரிவு போட்டு வாரம் 60 மணி என்று எழுதினார்கள். நம்மேல் இறுக்கமான விதியைச் சுமத்தவில்லை, தளர்த்திக் கொடுத்தார்கள். அதற்கு முன் 1911-ஆம் வருடச் சட்டத்தில் நெசவாலை ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி என்று இருந்ததால், அந்த 60 மணியே கோயமுத்தூர் மில் தொழிலாளிகளுக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். 48 மணியை நாமே 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிக்கொண்டோம். ஓவர்டைமுக்கு அந்த முதல் உடன்படிக்கை கேட்பது ஒன்றே கால் மடங்குதான். இரண்டு மடங்கு என்று எழுதியது நம் சட்டம். ஆடிட்டர் உங்கள் ரெஜிஸ்டரில் தேடியதில் பெரும்பகுதி டெல்லியில் எழுதியது தம்பி.

என் வருத்தம் வேறு. மேசையில் உட்கார்கிறோம், பேசுகிறோம், முக்கியமான சில உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போடுவதில்லை. சங்கம் சேரும் உரிமைக்கான 87-ஆம் உடன்படிக்கையும், கூட்டுப் பேச்சுவார்த்தைக்கான 98-உம் வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது; அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காரணம் காட்டி இந்தியா இன்னும் ஏற்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 1996-இல் 177-ஆம் உடன்படிக்கை வந்தது. அதற்காக முன்னின்று போராடியவர்களில் எலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான அகமதாபாத் சேவா அமைப்பின் பெண்கள் முக்கியமானவர்கள். நம் பெண்கள் கேட்டு வாங்கிய விதி அது, அதையும் நம் நாடு ஏற்கவில்லை. உங்கள் யூனிட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பீஸ் வாங்கிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறார்களே, அவர்களுக்கான விதி.

உங்கள் ரேட்டுக்கு வருகிறேன். 2016 மாநாட்டில் உலக வர்த்தகச் சங்கிலியில் தொழிலாளர் நிலை பற்றி விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள். ஆனால் பிராண்டுகள் என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உடன்படிக்கை இன்றுவரை கிடையாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். முதலாளிகள் தரப்பில் ஜெனீவா போகிறவருக்குப் பெரிய கம்பெனிகளின் கணக்குத் தெரியும், ஜாப் ஒர்க்காரர் கணக்கு யார் சொல்லி அவருக்குத் தெரியப்போகிறது? உங்கள் சங்கத்தில் பேசி, டெல்லியில் தொழிலாளர் அமைச்சகத்துக்கும் முதலாளிகள் கூட்டமைப்புகளுக்கும் எழுதுங்கள். ஒரு பீஸுக்கு உங்கள் கைக்கு என்ன வருகிறது என்பதோடு, அதில் பிசிர் வெட்டும் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்