வேகன்ஆர் மேனுவல் வாங்கினேன், என் வண்டிக்கு ஒத்துவரவில்லை

கேள்வி: என்னுடையது 2012 வேகன்ஆர், பெட்ரோல். சின்ன வேலைகளை நானே பார்க்கலாம் என்று, ‘எல்லா வேகன்ஆருக்கும் பொருந்தும்’ என விளம்பரம் செய்திருந்த சர்வீஸ் மேனுவலை ஆன்லைனில் வாங்கினேன். டைமிங் பெல்ட் மாற்றுவதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. என் இன்ஜினில் அந்தப் பெல்ட்டே இல்லை. ‘பின் டிரம்மைக் கழற்றவும்’ என்று ஒரே வரி. பின் சக்கரத்தின் பிரேக் டிரம் அசையவே மாட்டேன் என்கிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: உங்களுக்கு வந்தது பழைய வேகன்ஆரின் மேனுவல். அதில் 1061 சி.சி. இன்ஜின், டைமிங் பெல்ட் உண்டு. 2010-இல் வந்த புது மாடலில் கே10பி என்ற 998 சி.சி. இன்ஜின்; அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆர்.சி.யில் சி.சி. எவ்வளவு என்று போட்டிருக்கும், பாருங்கள். அடுத்த முறை வண்டிப் பெயரை மட்டும் சொல்லாமல் இன்ஜின் வகையையும் வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

டிரம் விஷயம் வேறு. மேனுவல் எழுதுகிறவர் கண் முன்னால் இருப்பது புது வண்டி. உப்புக்காற்றில் வருஷக்கணக்காக நின்ற வண்டியில் டிரம் துருவேறி ஹப்போடு (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) ஒட்டிக்கொள்ளும். சுத்தியலை எடுக்காதீர்கள். டிரம்மின் முகப்பில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தின நாளே அடித்து வையுங்கள். மறுநாள் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, 8 எம்.எம். போல்ட் இரண்டை அந்தத் துளைகளில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்.

அப்புறம் ‘கழற்றியதற்கு நேர்மாறாக மாட்டவும்’ என்று ஒரு வரி வரும். என்னைக் கேட்டால், மேனுவல்களிலேயே பெரிய ஏமாற்று அதுதான். டிரம்முக்குள் எந்த ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தை முடிக்காமல் இன்னொன்றைத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் கழற்றாத சக்கரத்தைத் திறந்து பார்த்து மாட்டலாம், இடம் வலம் மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்காமல். ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி வரை தாராளமாக நீங்களே பாருங்கள். பிரேக்கை மட்டும் முதல் தடவை தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, பணம். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால், திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்றவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். பி.டி.எஃப். போன்ற டிஜிட்டல் பொருளுக்கும் இது உண்டு. ‘எல்லா வேகன்ஆருக்கும்’ என்ற அந்த விளம்பரத்தை அவர் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் முதல் சாட்சி. பில்லையும் ஆர்.சி. நகலையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது; 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.