குன்னூர் ஸ்டேஷனில் என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் ஊட்டி போயிருந்தோம். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் வந்தோம். பேரப்பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், எனக்குத்தான் ஏமாற்றம். இழுத்தது டீசல் என்ஜின். குன்னூர் ஸ்டேஷனில் எழும்பூர் மாதிரி குவிமாடமோ வளைவோ ஒன்றும் காணோம். இதற்கா யுனெஸ்கோ அங்கீகாரம்?

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. பெரும்பாலானவர்கள் உங்களைப் போல ஊட்டி–குன்னூர் பகுதியில் மட்டும் ஏறி இறங்கிவிடுகிறார்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள 46 கிலோமீட்டர் பாதை முழுவதும். அதன் உயிர் இருப்பது நீங்கள் பார்க்காமல் விட்ட கல்லாறு–குன்னூர் பகுதியில்.

கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏற்றம் தொடங்கிவிடும். அந்தச் சரிவில் வெறும் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கத்தான் செய்யும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டை ஒட்டி ஒட்டிப் பதித்திருக்கிறார்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம். என்ஜினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொன்றைப் பிடித்திருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. என்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாது. பெட்டிகளின் முகப்பில் பிரேக்ஸ்மேன்கள் கொடியோடு நிற்பார்கள்.

சரி, ஸ்டேஷன்களுக்கு வருகிறேன். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு எல்லாம் காட்டுக்குள் இருப்பவை. அங்கே ஏறி இறங்க ஊரே கிடையாது. நீராவி என்ஜின் தண்ணீர் பிடிக்க அங்கே நிற்கிறது. ஹில்குரோவில் கட்டடத்தைவிட முக்கியம் தண்ணீர்க் குழாய். குன்னூரும் அப்படித்தான். பல் தண்டவாளம் அங்கே முடிகிறது. ஏறிவந்த நீராவி என்ஜினைக் கழற்றி ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு டீசல் என்ஜினை மாட்டுகிறார்கள். அப்புறம் வண்டி சற்றுப் பின்வாங்கித்தான் உதகைப் பாதையைப் பிடிக்க முடியும். அந்த ஸ்டேஷனைக் கட்டடமாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஷெட், தண்டவாளப் பிரிவுகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்ததுதான் அதன் கட்டடக்கலை.

எழும்பூரைச் சொன்னீர்கள். எழும்பூர் நிலையம் திறந்ததும் 1908, ரயில் உதகையை எட்டியதும் 1908. இரண்டையும் நடத்தியது தென்னிந்திய ரயில்வே. ஆக, குவிமாடம் கட்டத் தெரியாத காலம் இல்லை அது. மலையில் உழைப்பெல்லாம் 16 சுரங்கங்களிலும் 250 பாலங்களிலும் போயிற்று. 1854இலேயே திட்டம் பேசினார்கள். 1891இல் வேலை தொடங்கி, எடுத்து நடத்திய கம்பெனி நொடித்துப்போய், வேறொரு கம்பெனி வந்து, 1899இல்தான் குன்னூருக்கு வண்டி வந்தது.

இன்னொன்று. நம் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) ஸ்டேஷன் வழியாக ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகளில், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடிய வண்டிகளில், நீங்களும் போயிருப்பீர்கள். 1879இல் ரயில் வந்த புதுச்சேரிப் பாதையும் மீட்டர் கேஜாக இருந்ததுதான். எல்லாம் அகலப்பாதையாகிவிட்டன. அது வேண்டியதுதான், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் வண்டியில் ஏற வேண்டுமானால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் குன்னூர் ஸ்டேஷனுக்குக் கிரானைட் போட்டு அலங்கார வளைவு கட்ட யாரும் கிளம்பிவிடக் கூடாது என்று மிகவும் விரும்புகிறேன்.

அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள். காலை 7 மணி வாக்கில் வண்டி கிளம்பும், முன்பதிவு அவசியம். ஹில்குரோவில் நின்றதும் பேரப்பிள்ளைகளோடு இறங்கிப் பின்பக்கம் நடந்து போங்கள், என்ஜின் அங்கேதான் இருக்கும். பல் தண்டவாளத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

அன்புடன்.