தபால் தலை சேகரிப்போர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உறவினர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த தபால் தலைகள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் வந்துள்ளன. அவற்றை நாடு வாரியாக அடுக்குவதா, பறவை, ரயில் என்று பொருள் வாரியாக அடுக்குவதா?

பதில்: முதல் பிரிப்பு நாடு வாரியாகவே இருக்கட்டும். தபால் தலைகளை எண்ணிட்டுப் பட்டியலிடும் கேட்டலாக்குகள் பெரும்பாலும் நாடு, ஆண்டு என்ற வரிசையில் அமைந்திருப்பதால், தொடக்கத்திலேயே பறவைகளைத் தனியே பிரித்துவிட்டால், ஒரே தொகுதியாக வெளிவந்த தலைகள் ஆளுக்கொரு பக்கம் சிதறி, எது எந்த வெளியீட்டைச் சேர்ந்தது என்று கண்டறிவது கடினமாகிவிடும். அடையாளம் தெரிந்தபின் பொருள் வாரியாக மாற்றிக்கொள்வதில் தடையில்லை. அதுவரை ஆல்பத்தில் எதையும் ஒட்டாமல், செருகி எடுக்க வசதியான ஸ்டாக் புத்தகத்தில் வையுங்கள். விரலால் தொடாமல் முனை தட்டையான இடுக்கியால் எடுங்கள். பெட்டியைக் கொட்டிப் பிரிக்கும் இந்த நாள்களே பொழுதுபோக்கின் மிகச் சுகமான பகுதி என்பது என் எண்ணம். ஆகவே அவசரமாக முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: சிலவற்றில் நாட்டின் பெயர் புரியவில்லை. ஒன்றில் பெயரே இல்லை. ஓர் அரசியின் தலை மட்டும் உள்ளது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயரின்றி அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது பிரிட்டனுடையது. பசையிட்ட தபால் தலையை 1840 மே மாதத்தில் முதன்முதலாக வெளியிட்ட நாடு அது. அன்று வேறெந்த நாட்டிலும் தபால் தலை இல்லாததால் பெயர் அச்சிடத் தேவை எழவில்லை. பிற்காலத்தில் மற்ற நாடுகள் பெயரைப் போட்டாக வேண்டும் என்றானபோதும், பிரிட்டனுக்கு மட்டும் அந்தச் சலுகை நீடித்தது. ஹெல்வெட்டியா என்றிருந்தால் சுவிட்சர்லாந்து, மாக்யார் என்றிருந்தால் ஹங்கேரி, சுவோமி என்றிருந்தால் பின்லாந்து, ஸ்வேரியே என்றிருந்தால் சுவீடன். வேற்று எழுத்துகளைக் கண்டால் தயங்க வேண்டியதில்லை. குறுக்குக்கோடு இல்லாத ஆங்கில ஏ போன்ற எழுத்து அடுத்தடுத்து இருமுறை வந்தால் அது கிரேக்க நாடு. மூன்று சி, ஒரு பி என்று தோன்றுவது சிரிலிக் எழுத்தில் உள்ள சோவியத் ஒன்றியத்தின் பெயர்ச் சுருக்கம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பானியத் தலைகளைப் பதினாறு இதழ்கள் கொண்ட செவ்வந்திச் சின்னம் காட்டிக்கொடுத்துவிடும். இவை எதுவும் உதவாவிட்டால் நாணயத்தின் பெயரையும், உறையிலிருந்து வந்ததானால் முத்திரையில் உள்ள ஊர்ப் பெயரையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பாதி முத்திரையைக் கொண்டே ஊரைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, விலை கொடுத்து வாங்கும் அரிய தலையில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

கேள்வி: பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு தலைகளுக்குக் கேட்டலாக்கில் வெவ்வேறு எண்கள் தரப்பட்டிருப்பது ஏன்?

பதில்: படம் ஒன்றாக இருந்தாலும் தாளும் துளையும் அச்சும் வேறாக இருக்கலாம். முதலில் விளிம்பைப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்பதே துளை அளவு. அதற்கென்றே உள்ள அளவுகோலில் தலையை வைத்து நகர்த்தினால், பற்கள் கோடுகளோடு சரியாகப் பொருந்தும் இடத்தில் எண் தெரியும். கேட்டலாக்கில் 15 பெருக்கல் 14 என்று எழுதியிருந்தால் முதல் எண் மேல், கீழ் விளிம்புகளுக்கும் அடுத்தது பக்கவாட்டுக்கும் உரியது. எதிரெதிரான இரு விளிம்புகளில் மட்டும் துளையில்லாமல் நேராக இருந்தால், அது சுருளாக விற்கப்பட்டதாக இருக்கலாம். கத்தரிக்கோல் வேலையாகவும் இருக்கலாம் என்பதால் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

அடுத்து நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே மங்கலாகப் பதிந்திருக்கும் குறி. இளம் எலிசபெத் அரசியின் உருவத்துடன் பிரிட்டன் 1952 முதல் வெளியிட்ட சிறு தலைகள் இதற்கு நல்ல பாடம்: ஒரே படம், ஆனால் தாளில் முதலில் ஒருவகைக் கிரீடமும், 1955 முதல் வேறுவகைக் கிரீடமும், 1958 முதல் கிரீடங்கள் மட்டும் நிறைந்த நீர்க்குறியும் உள்ளன. கறுப்புத் தட்டில் தலையைக் குப்புற வைத்து, நீர்க்குறி பார்ப்பதற்கென விற்கப்படும் திரவத்தில் சில துளிகள் விட்டால் குறி மெல்ல எழுந்து வரும். சில பழைய தலைகளின் மை அதில் கரையக்கூடும். ஆகவே முதலில் மலிவான ஒன்றில் சோதித்துக்கொள்வது நல்லது. அச்சு முறையை அறிய உருப்பெருக்கி போதும்: உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடும் செதுக்கு அச்சில் மை மேடிட்டு நிற்கும், ஒளிப்பட முறையில் தகடு தயாரித்து அச்சிடும் போட்டோகிராவூரில் நுண்புள்ளிகள் தெரியும்.

கேள்வி: உறையிலிருந்து தலைகளைப் பிரிப்பது எப்படி?

பதில்: ஓரம் விட்டு வெட்டி, சாதாரண நீரில் ஊறவைத்துத் தானாகக் கழன்றபின் மையுறிஞ்சும் தாளில் உலர்த்துங்கள். வண்ண உறைத் துண்டுகளைச் சேர்த்து ஊறவைத்தால் சாயம் ஏறிவிடும். ஸ்டிக்கர் வகைத் தலைகள் பல நீரில் கழலாதவை. அவற்றைத் தாளோடு வெட்டி வைத்துக்கொள்ளலாம். முத்திரை தெளிவாக உள்ள பழைய உறையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

கேள்வி: முத்திரை குத்தப்பட்டிருந்தும் பின்புறப் பசை அப்படியே உள்ள தலைகள் போலியானவையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அஞ்சலில் போகாமலேயே, சேகரிப்போருக்கு மலிவாக விற்பதற்காக அஞ்சல் நிர்வாகங்களே மூலையில் அழகாக முத்திரையிட்டுத் தரும் வகை அது. தீவிர சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். பறவையோ ரயிலோ பொருள் வாரியாகச் சேர்ப்பவருக்கு, படம் மறையாமல் கிடைப்பதால், அதைவிட வசதியானது இல்லை.