ஸ்பிண்டில் பேரிங்கை மாற்றும் முன்னும் மாற்றும்போதும்

கேள்வி: பணகுடியில் சின்ன கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பில்லர் ட்ரில்லிங் மிஷின் எடுத்தேன். ஓடும்போது இரைச்சல் அதிகம், துளையும் அகன்று விழுகிறது. ஸ்பிண்டில் பேரிங் மாற்றினால் சரியாகுமா? நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம். ஆனால் இரைச்சலுக்கும் அகன்ற துளைக்கும் காரணம் ஒன்றுதான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். முதலில் புது ட்ரில் பிட் ஒன்றைப் போட்டுத் துளையிட்டுப் பாருங்கள். கிரைண்டரில் கையால் தீட்டிய பிட்டில் இரண்டு வெட்டு விளிம்பும் சமமாக இல்லாவிட்டால், மிஷின் நன்றாக இருந்தாலும் துளை அகலும்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குவிலை, அதாவது ஸ்பிண்டில் என்னும் சுழலும் தண்டைச் சுமந்து ஏறி இறங்கும் குழாயை, பாதி தூரம் இறக்கி, பிட்டைக் கவ்வும் சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். குவிலும் சேர்ந்து ஆடினால், தேய்ந்திருப்பது அது நுழைந்திருக்கும் வார்ப்பிரும்புத் துளை. எந்தப் பேரிங்கும் அதைச் சரிசெய்யாது. குவில் அசையாமல் ஸ்பிண்டில் மட்டும் ஆடினால் பேரிங்தான். பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுற்றும்போது கரகரவென்று விரலில் தெரிந்தாலும் அதேதான். எதுவும் ஆடவில்லை, பிட் மட்டும் வட்டமடிக்கிறது என்றால் சக் உட்காரும் கூம்பு முனையான டேப்பரில் துருவோ பிசிறோ இருக்கும். அல்லது ஸ்பிண்டிலே வளைந்திருக்கும்.

பிரிக்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. குவிலை மேலே இழுக்கும் சுருள் ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு மூடிக்குள் முறுக்கேறி இருக்கும். நட்டை முழுதும் கழற்றாமல் தளர்த்தி, மூடியைக் கெட்டியாகப் பிடித்து, ஒவ்வொரு பள்ளமாகத் திருப்பி முறுக்கை இறக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

பேரிங்கின் ஓரத்தில் நம்பர் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். 6204 என்றால் 20, 47, 14. இவை மோட்டார் உதிரிபாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். நம்பர் அழிந்திருந்தால் வெர்னியரால் அளங்கள். உள்விட்டம் 19.05 வந்தால் அது முக்கால் அங்குலம். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க மிஷின்களில் அங்குலப் பேரிங் வரும். அந்த இடத்தில் 20 மில்லிமீட்டரைத் திணித்துச் சமாளிக்க முடியாது. கிரில் வேலைக்கு விலை கூடிய துல்லியப் பேரிங் தேவையில்லை. நம்பகமான கடையில், நல்ல கம்பெனியின் சாதாரண ரகம் போதும். ஆனால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் கேளுங்கள். ஆடிக் காற்றில் உங்கள் ஊரில் மண் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்தால், பொருத்தும் நிமிடம் வரை புது பேரிங்கை உறையிலிருந்து எடுக்காதீர்கள்.

புது பேரிங் பல நேரம் பொருத்தும்போதே கெட்டுப்போகும். தண்டின் மேல் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தள்ள வேண்டும். குவிலின் துளைக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும். ஒரே நேரத்தில் இரண்டிலும் இறுக்கமாகப் போகிறதென்றால், இரண்டு வளையத்தையும் தொடும் தட்டையான தகடு வைத்துத் தள்ளுங்கள். இதை மாற்றிச் செய்தால் விசை முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளங்கள் விழும். கண்ணுக்குத் தெரியாது, இரைச்சலில் தெரியும். சரியான விட்டத்தில் குழாய்த் துண்டு ஒன்றும் வைஸும் இருந்தால் சுத்தியலே வேண்டாம். பேரிங்கைச் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கினால் தண்டில் எளிதாக ஏறும். வெல்டிங் கேஸ் தீயைக் காட்டிவிடாதீர்கள். சீலும் கிரீஸும் கருகும், எஃகின் கடினமும் போய்விடும்.

தண்டையும் அளந்துவிடுங்கள். பழைய பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுற்றியிருந்தால் அந்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். அங்கே சென்டர் பஞ்சால் குத்திப் புடைக்க வைப்பது பல பட்டறைகளில் உள்ள வழக்கம். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குத்திய மேடுகள் சீக்கிரம் அமுங்கிவிடும், ஸ்பிண்டிலும் மையம் தப்பிச் சுற்றும். தேய்மானம் மிகக் குறைவு என்றால் லாக்டைட் 638 போன்ற பிடிப்புத் திரவம் போதும். அதிகம் என்றால் திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து, உலோகம் ஏற்றிக் கடைந்து வாங்குங்கள்.

குவிலில் இரண்டு பேரிங் என்றால், மேலே புல்லியைத் தாங்க இன்னும் இரண்டு இருக்கும். குவில் வெளியே இருக்கும்போது புல்லியைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். இரைச்சல் அங்கிருந்தே வந்தாலும் வரும். எப்படியும் பிரித்தாயிற்று, நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது.

பூட்டியபின் குறைந்த வேகத்தில் கால் மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். நிறுத்திவிட்டுக் குவிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இறுக்கம் அதிகம். ஸ்பிண்டிலில் பேரிங்கை இறுக்கும் மேல் லாக் நட்டைச் சற்றே தளர்த்தி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.